பூனாகலையில் மசக்கை மாதங்கள்

தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி வேலையில் பிரசவம் ஒருநாள் பாடு. அதற்கு முந்திய குமட்டலும் நெஞ்செரிச்சலும்தான் மாதக்கணக்கு. எழுபதுகளில் பூனாகலைப் பக்கத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், என்னை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் கூப்பிட்டார்கள். எழும்பியவுடன் வாசலுக்கு ஓடியவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை, நானும் ஓடியவள்தான்.

படுக்கையில் ரொட்டி

கொழுந்தெடுக்கும் செல்வமணிக்கு வெறும் வயிற்றோடு எழுந்தால் குமட்டும். பக்கத்து வீட்டுக் காம்பிராவில் வெங்காயம் தாளித்தால் கேட்கவே வேண்டாம். “எழும்ப முந்தி காய்ஞ்ச ரொட்டி கொஞ்சம் கடிச்சிட்டு, செத்த நேரம் உக்காந்திரு. அப்புறமும் வயித்தக் காயப்போடாம, கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடு” என்றேன். ரொட்டியை எடுத்துக் கொடுக்கும் வேலை புருஷன் முத்தையாவுக்கு. லயமே சிரித்தது.

அடுத்த மாதம் முத்தையாவைப் பாதையில் கண்டு, இன்னும் கொடுக்கிறாயா என்று கேட்டேன். வெட்கத்தோடு சொன்னான்: “குடுக்கிறேங்க மிஸ்ஸி. கல்யாணங் கட்டி இப்பத்தான் காலையில ரெண்டு பேரும் நாலு வார்த்த பேசுறோம்.”

அப்பச்சோடா

பெரகலச் சந்தியில் கடை வைத்திருந்த காதர் நானாவின் மகள், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் அப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கடைச் சரக்கு; தகப்பனே எடுத்துக் கொடுத்தது. அதில் உப்புச் சத்து அதிகம், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்றேன். உறைப்பையும் எண்ணெயையும் குறைக்கவும், சாப்பிட்ட கையோடு படுக்காமலிருக்கவும், தலைமாட்டை உயர்த்திக்கொள்ளவும் சொன்னேன். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரைக் கேட்டுத்தான் மாத்திரை. நானாவின் முகம் வாடிவிட்டது. “மகள்ட நோவு தாங்கேலாமத்தான் குடுத்தேன் மிஸ்ஸி. இனி பாசத்தையும் கேட்டுட்டுத்தான் காட்டணும் போல.”

தண்ணீரும் தங்காத லெட்சுமி

லெட்சுமிக்கு முதல் பிள்ளை. ரொட்டி நிற்கவில்லை, இஞ்சித் தேத்தண்ணி நிற்கவில்லை, கடைசியில் வெறும் தண்ணீரும் நிற்கவில்லை. உதடு வெடித்து, சிறுநீர் குறைந்து நிறம் கறுத்து, எழுந்தால் தலை சுற்றி விழுந்தாள். இது வீட்டில் வைத்துப் பார்க்கிற மசக்கை இல்லை, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். மாமியார் கருப்பாயி வாசலை மறித்தாள். “வாந்தி எடுக்காத புள்ளத்தாச்சி உண்டா? ஆஸ்பத்திரி ஊசியில புள்ள கலைஞ்சிரும்.”

நான் வாதாடவில்லை. “நீங்களே ஒரு வாய் தண்ணி குடுத்துப் பாருங்க” என்றேன். கொடுத்தாள். அது மாமியார் சேலையிலேயே திரும்பி வந்தது. கருப்பாயி கம்பளியை எடுத்து மருமகளைச் சுற்றினாள். கொழுந்து லொறியில் முதலில் ஏறியதும் கருப்பாயிதான்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சில நாளில் லெட்சுமி கஞ்சி குடித்தாள். வயிற்றுப் பிள்ளைக்கும் குறையில்லை. கட்டிலோரம் நின்ற கருப்பாயி, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு மிஸ்ஸி. அன்னைக்கு யாரும் ஏத்தல. அந்தப் புள்ள தங்கல.”

மசக்கைக்காரிகளைவிட அவர்களைச் சுற்றி நின்றவர்களுக்குத்தான் நான் அதிகம் வைத்தியம் பார்த்திருக்கிறேன். வாந்தியெடுத்தது மட்டும் எப்போதும் மசக்கைக்காரி ஒருத்திதான்.