சுவர் நிறைய முழங்கால்கள்

வியாழக்கிழமை காலை, லாஸ்பேட்டையில் நான் ஓவியம் சொல்லித்தரும் பள்ளியில் இருந்தேன். கன்னியம்மாள் அக்காவின் மகள் செல்வி போன் செய்தாள். "மாமா, அம்மா காலையில எழுந்துக்கவே இல்ல" என்றாள். பிறகு, "தூக்கத்துலயே போய்ட்டாங்க. மூஞ்சி சிரிச்சாப்லயே இருக்குது" என்றாள். வகுப்பென்றும் பாராமல் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கன்னியம்மாள் அக்காவுக்கு அஞ்சலி எழுத உட்கார்ந்தாலும் இதே தொல்லைதான்.

அக்கா இருளர். விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் கல் அறுத்தவர். மிஞ்சிய மண்ணில் ஆடு, நாய், மனிதர்கள் என்று உருவம் பிடிப்பார். மேஸ்திரியின் தொந்தியை அப்படியே பிடித்துவைத்ததில் ஒரு முறை வேலையே போயிற்றாம். "இருக்கறதத்தான் செஞ்சேன், நானா பெருசாக்கினேன்?" என்று அவர் கேட்கும்போது நியாயம் அவர் பக்கம் இருப்பதாகவே தோன்றும்.

இரண்டு வருடத்துக்கு முன், புதுச்சேரியில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் அவரைச் சந்தித்தேன். பழங்குடிக் கலைஞர்கள் நால்வர் இரண்டு மாதம் ஒன்றாகத் தங்கி, மனக்காயம் ஆறுவதைப் பற்றியும் தாங்கள் யார் என்பதைப் பற்றியும் சேர்ந்து படைக்கும் முகாம் அது. நடத்தியவர் வீட்டுக்கார அம்மையார். எல்லோருக்கும் அவர் மதாம். பள்ளி விடுமுறையில் உதவியாளாக நான் போனேன்.

முதல் நாள் சாப்பிடும்போது அக்கா கேட்டார், "தம்பி, உங்காளுங்க எந்த ஊரு?"

"கருவடிக்குப்பம்."

"அது நீ குடியிருக்கற எடம். நான் கேட்டது ஆளுங்கள."

ரசம் எடுத்துவரும் சாக்கில் எழுந்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

நானும் இருளன்தான். சூளையில் பிறந்து, விடுதியில் படித்து வந்தவன். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டுக்காக வேறு சாதி சொன்னேன். வீடு கிடைத்தது, பொய்யும் எங்களோடு குடிவந்துவிட்டது. மனைவிக்குத் தெரியும். மகள் யாழினிக்குக்கூடச் சொல்லவில்லை.

முகாமுக்கு மதாம் வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'பழங்குடியினர் கைகளால் நலம்'. மூன்றாம் நாள் காலை வாசலில் வரிசை. இருளர் என்றால் மூலிகை என்பது தெருவின் நம்பிக்கை. முதலில் நின்றவர் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் பெரியவர். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால் ஊர் அவரை சொல்தா என்றே கூப்பிடும். "முட்டி வலி உயிர் போவுதும்மா. தைலம் இன்னா வச்சிருக்கீங்க?" என்றார். மதாம் கையைப் பிசைந்தார். நீலகிரியிலிருந்து வந்த குறும்பர் ஓவியர் மாதன், "என்கிட்ட இலைச்சாறு இருக்கு. ஆனா அது பெயிண்ட்டு" என்றார். அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரு மண் உருண்டையை சொல்தாவிடம் நீட்டினார். "எனக்கு வைத்தியம் தெரியாதுங்க, மண்ணுதான் தெரியும். வலிக்கிற எடத்த செஞ்சி காட்டுங்க, பாக்கலாம்."

சொல்தா ஒரு மணி நேரம் முழங்கால் பிடித்தார். "என் முட்டி இதவிட லட்சணமா இருக்கும்" என்று கோபித்துக்கொண்டு போனவர், மறுநாள் மனைவியோடு வந்தார். ஒரே வாரத்தில் சுவர் நிறைய முழங்கால்கள், இடுப்புகள், தோள்கள். மாதன் அவற்றைச் சுற்றிக் கொடிகள் வரைந்தார். யாருக்காவது வலி குறைந்ததா என்று தெரியாது. கூட்டம் மட்டும் குறையவில்லை. "இது கேம்ப்பா, தர்மாஸ்பத்திரியா?" என்று புலம்பிய மதாமே கடைசியில் தன் கழுத்தைச் செய்து ஒட்டினார்.

முகாம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அக்கா உருண்டையை என் கையில் வைத்தார். "உனக்கு எங்கடா வலிக்குது?" வெகு நேரம் உட்கார்ந்திருந்து ஒரு வாயைப் பிடித்தேன். மூடிய வாய். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "கேம்ப்புக்கு வந்த மண்ண மிதிச்சி கொழச்ச பாரு, அது சூளையில பொறந்த காலு. உன் பொண்ணுக்கு சொல்லு. சொல்லிட்டு எங்க ஊட்டுக்கு அழச்சிகினு வா."

கண்காட்சிக்கு யாழினி வந்தாள். அக்காவும் அவளும் சேர்ந்து சொல்தாவின் முட்டியைக் கேலி செய்து சிரித்தார்கள். நான் சொன்னதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை விடவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவைத்தார். அதன்பின் போனில் பேசும்போதெல்லாம் "சொல்லிட்டியா?" என்பார். "சொல்றேன்கா" என்பேன். "மெதுவா சொல்லு, அவளுக்குப் பேரப்புள்ள பொறக்கட்டும்" என்பார்.

வியாழன் மதியம் யாழினியைக் கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். ஊர் தாண்டி, வண்டியை ஓரமாக நிறுத்திச் சொன்னேன்.  முதுகில் ஓங்கி ஒரு குத்து விழுந்தது.

"இத சொல்ல பத்தொம்பது வருஷமாப்பா? அவங்ககூட எவ்ளோ பேசியிருப்பேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேரமாவுது, வண்டிய எடு."

அங்கே சொந்தக்காரப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற எங்களைப் பார்த்து ஒருத்தர், "பாண்டி ஆபீசுலேர்ந்து வந்தீங்களா? சேர் போடச் சொல்றேன்" என்றார். நான் வாயெடுப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள்.

"சேர் வேணாம் அத்த. நாங்க உங்காளுங்கதான்."

அந்த அம்மா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரின் தோளிலிருந்து கையை எடுத்து, வட்டத்தைத் திறந்து, என் மகளை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சொல்லிட்டேன் அக்கா. போய் வாங்க.