இடைவேளைக்கு முன் சாகிறவள்

ஜோகன்னஸ்பர்க் மேடைகளில் மொசிடி அளவுக்குச் செத்தவர்கள் யாரும் இல்லை. கத்திக்குத்து, காய்ச்சல், சுரங்க விபத்து. ஒருமுறை மாமியார் வைத்த சூப்பைக் குடித்தும் செத்திருக்கிறாள். எல்லாச் சாவும் இடைவேளைக்கு முன்பே நடந்துவிடும். அதற்கு மேல் உயிரோடிருக்கும் வேடம் எதையும் அவள் ஏற்றதில்லை. 'முடிவைப் பார்க்க மறுக்கும் கலைமனம்' என்று ஒரு விமர்சகர் எழுதினார். ஊருக்கு வெகுதூரம் வெளியே அவள் குடியிருந்த ஆரஞ்ச் ஃபார்முக்குக் கடைசி வேன் எப்போது கிளம்பும் என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் கார் இருந்தது.

நகரத்தின் நடுப்பகுதிக்கு உயிர் திரும்பிவிட்டது என்கிறார்கள். பொய்யில்லை. வருஷக்கணக்காகப் பலகை அடித்துக் கிடந்த கட்டடங்களில் காப்பிக்கடைகள் வந்துவிட்டன. பழைய அச்சுக்கூடம் நாடக அரங்கமாகிவிட்டது. மாநகரப் பேருந்துக்குத் தனிப் பாதையே போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த உயிர் இருட்டியதும் வீட்டுக்குப் போய்விடுகிற உயிர். பேருந்தோ ஆரஞ்ச் ஃபார்ம் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

இப்படியிருக்க, அக்கா என்ற உரிமையில் அவளை 'சிஸி' என்றே கூப்பிடும் இயக்குநர் லுங்கா பரிசு கொடுப்பவன்போல வந்து சொன்னான்: "சிஸி, இந்தத் தடவை நீ சாகவே மாட்டே. ராணி. மூணு பிள்ளைங்களையும் புதைச்சிட்டுக் கடைசி வரைக்கும் நிக்கிறே."

"ஒரு பிள்ளையோட நானும் போயிடுறேனே, தம்பி. துக்கம் தாங்காம."

"அப்புறம் மத்த ரெண்டு பேரை யாரு புதைக்கிறது?"

மறுக்கவும் முடியவில்லை. நாடகங்களில் இளம்பெண்கள்தான் சீக்கிரம் சாகிறார்கள். வயதானவர்கள் இருந்து அழவேண்டியிருக்கிறது. மொசிடிக்குச் சாகிற வயது கடந்துகொண்டிருந்தது. இதை விட்டால் வேறு வேடம் வராது. ஏற்றாலோ வீட்டில் கணவன் பீட்ரஸ். பக்கவாதத்தில் விழுந்தவனை இரவில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு எஸ்தர் பத்து மணிவரை உட்காருவாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.

"நேரத்துக்கு முடிச்சிடுவேன், சத்தியம்" என்றான் லுங்கா. சத்தியம் செய்தபோது அவன் கவுன்சிலரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் திரை விலகுவதற்கு முன் கவுன்சிலர் மேடையேறி, நகரம் எப்படி உயிர்பெற்றது என்று விடாமல் பேசினார். பேசிவிட்டு இடைவேளையில் காரில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாவது மகனைப் புதைக்கும்போதே மொசிடி மனசுக்குள் மணியைக் கணக்குப் பார்த்தாள். மூன்றாவது மகன் செத்துக் கிடந்தான்; அவன்மேல் கவிழ்ந்து அழுதபடியே சபையைப் பார்த்தாள். பின்வரிசையில் ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். முடி பின்னும் கடைப் பெண்கள் பையைத் தோளில் மாட்டினார்கள். ஒரு வாட்ச்மேன் எழுந்தே விட்டார். தினமும் அவளோடு வேனில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறவர்கள்தான். இவர்கள் போனால் வேன் நிறையும். நிறைந்தால் கிளம்பும். இன்னும் நீண்ட பிரலாபம் ஒன்று பாக்கியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வேனுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் போகும், நிறையாவிட்டால் நிற்கும். அதை நிறைக்க வேண்டியவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். வேன் போய்விடுமே என்று ஒவ்வொருவரும் ஓடுவதால்தான் அது போகிறது.

பிணத்தை விட்டு ராணி எழுந்தாள். நாடகப் பிரதியில் அப்படி இல்லை.

"என் பிள்ளையை மண்ணுக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி எழுந்திருக்கிறது யாரு?"

திரை மறைவில் லுங்கா தலையில் கை வைத்தான்.

இந்த ஊர்ச் சபை பதில் சொல்லாமல் இருக்காது. முடிக்கடைப் பெண்களில் பருத்தவள் குரல் கொடுத்தாள்: "உங்க துக்கம் புரியுது, மகாராணி. ஆனா வண்டி போயிடும்."

"நீயும் உன் கூட நிக்கிறவங்களும் ஏறாம அந்த வண்டி யாரை ஏத்திக்கிட்டுப் போகும்? காத்தையா?"

சபை சிரித்தது. வாட்ச்மேன் யோசித்தார். "பேச்சு நியாயமாத்தான் இருக்கு" என்று உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாராவது ஒருவர் எழுந்தாலும் போச்சு என்ற பயத்திலேயே மொசிடி அந்தப் பிரலாபத்தைச் சொன்னாள். கண்ணீர் கூப்பிடாமலே வந்தது. முன்வரிசையில் விமர்சகர் எதையோ வேகமாகக் குறித்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. கைதட்டல் எழுந்தது. அப்போதுதான் அடுத்த பயம் பிடித்தது: சபைக்குக் கலைக்க வேடம் இல்லை, அவளுக்கு இருக்கிறது. அவள் உடை மாற்றி வருவதற்குள் அவர்களே வேனை நிறைத்துவிடுவார்கள். பையை மட்டும் எடுத்துக்கொண்டு, அட்டைக் கிரீடத்தோடு பின்கதவு வழியாக ஓடினாள். புதுத் தெருவிளக்குகள் பாலத்தோடு நின்றுவிட்டன. அதற்கப்பால் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த இரண்டு பேர் யார் என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள்.

வேன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே நான்கே பேர், நான்கு பேருக்கும் கோபம்.

"இன்னைக்கு ஊர் எங்கே போச்சு?" என்றார் ஓட்டுநர் மாண்ட்லா. "ஹார்ன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்புறம் வண்டியைப் போட்டுட்டுப் படுக்கப் போறேன்."

"வந்துடுவாங்க மாமா, வந்துடுவாங்க" என்று ஏறி உட்கார்ந்தாள். பையில் போன் அடித்தது. லுங்கா.

"எங்கே போனே, சிஸி? எல்லாரும் எழுந்து நின்னு தட்டுறாங்க. நிறுத்தவே மாட்டேங்கிறாங்க."

"நிறுத்தச் சொல்லு."

"என்னது?"

"தட்டினது போதும், கிளம்பச் சொல்லுப்பா. இங்கே பத்து சீட் காலியா கிடக்கு."

அவர்கள் வந்துசேர்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பருத்த பெண் ஏறி, கிரீடத்தைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "தள்ளி உக்காருங்க, மகாராணி. வரிசைக்கு நாலு பேர்" என்றாள். கதவு சரிந்து மூடியது. எஸ்தர் கிளம்புவதற்குள் போய்விடலாம், சாலை விட்டால்.

நெடுஞ்சாலை வந்ததும் மொசிடிக்கு நாளை சனிக்கிழமை என்பது நினைவு வந்தது. சனிக்கிழமை கடைக்கு வந்து திரும்புகிற கூட்டம் அதிகம். நாடகம் பார்க்காதவர்களே வேனை நிறைத்துவிடுவார்கள்; சபையை உட்காரவைத்துப் பயனில்லை, நாடகம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். லுங்காவுக்குச் செய்தி அடித்தாள்: "தம்பி, நாளைக்கு ரெண்டாவது பையனையும் இடைவேளைக்கு முன்னாடியே கொன்னுடு."