மருந்தில்லை, குளிசை

1993 மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால். கண் விழித்ததும் முதலில் கண்டது கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டை. "வாயால் எதுவும் கொடுக்க கூடாது" என்று நீல மையில் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு "க்" விடுபட்டிருந்தது. நான் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநர். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது என் தொழில். அன்று என் மூக்கில் சத்திரசிகிச்சை.

இரண்டு வருடமாக நான் மூக்கால் மூச்சு விட்டதில்லை. முதலில் தடிமன், வெறும் சளி என்றுதான் நினைத்தோம். வைத்தியர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் தசை வளர்ந்து அடைச்சிருக்கு. உரிச்ச திராட்சைப் பழம் மாதிரிக் குலையாக் கிடக்கு" என்றார். மணம் தெரியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து இருந்தபடியே தூங்கினேன். ஒவ்வொரு நாளும் தலையிடி. போரால் மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பிழைகள் என் கண்ணைத் தாண்டி அச்சேறத் தொடங்கின.

பேச்சில் "ந"வும் "ம"வும் போய்விட்டன. சபையில் நான் "ஆமென்" என்றால் "ஆபெட்" என்று கேட்கும். பின்வரிசை வாங்கில் சிரிப்பு எழும். பிறகு ஆமென் சொல்வதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் என் மனைவி செல்வமணியிடம், "இப்பிடியே மூச்சடைச்சுப் போயிடுவன் போலை கிடக்கு" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

முழு மயக்க மருந்து அப்போது அரிது. விறைக்கும் ஊசி போட்டுச் செய்யலாம் என்றார் வைத்தியர். "அதுவும் கொஞ்சந்தான் கிடக்கு. அடுத்த மருந்துக் கப்பல் எப்பவெண்டு தெரியாது. இந்தச் செவ்வாயைத் தவறவிட்டால் நான் ஒண்டும் சொல்லேலாது."

திங்கட்கிழமை வாட்டில் சேர்ந்தேன். தாதி ஒருவர் கேள்விகள் கேட்டு எழுதினார். கடைசிக் கேள்வி: "வேறை ஏதும் மருந்து குடிக்கிறனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்குச் செல்வமணி கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தாள். சற்று நேரத்தில் அதே தாதி தள்ளுவண்டியோடு வந்தார்.

"மிஸி, ஒரு நிமிசம். ஜெபிச்சுப்போட்டு விடுறன்" என்றாள் செல்வமணி தாதியிடம்.

அந்த ஒரு நிமிடத்தை நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் ஜெபத்திலும் ஒப்புநோக்குநர். நாலு வரி, மிகுதி ஆண்டவருக்குத் தெரியும். செல்வமணியின் ஜெபம் அப்படியல்ல. ஆண்டவருக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல முதலில் இருந்து தொடங்குவாள். அதுவும் உரத்து.

"ஆண்டவரே, இந்த மனுசன் ரெண்டு வருசமா இருந்துகொண்டெல்லோ நித்திரை கொள்ளுது. மீன் குழம்பைத் திண்டுபோட்டு இது என்ன கறியெண்டு கேக்குது. காலமை ரெண்டு, பின்னேரம் ரெண்டெண்டு அஸ்பிரின் குளிசை போட்டும் தலையிடி விடுகுதில்லை. நேற்று இஞ்சை வரேக்கையும் போட்டுட்டுத்தான் வந்தது..."

பக்கத்துக் கட்டிலில் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவர், காதில் கட்டோடு இருந்தார். என் பக்கம் சாய்ந்து, "மாஸ்ரர், உங்கடை மனிசி ஆண்டவருக்கு உங்கடை நோய் ரிக்கற் முழுக்க வாசிச்சுக் காட்டுறா. விலாசம் ஒண்டுதான் மிச்சம்" என்றார்.

செல்வமணி ஆமென் சொல்லவில்லை. அதற்குமுன் தாதி வண்டியை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்.

"அக்கா, நிப்பாட்டுங்கோ. என்ன குளிசை எண்டனீங்கள்?"

பத்து நிமிடத்தில் வைத்தியர் வந்தார். "நேற்று மருந்து குடிக்கிறீரோ எண்டு கேட்டவையெல்லோ?"

"அது மருந்தில்லை டொக்டர். குளிசை."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் மருந்து என்றால் போத்தலில் வருவது, அல்லது அவித்துக் குடிப்பது. குளிசை போடுவது. அதுவும் தலையிடிக் குளிசை, வெற்றிலையோடு சேர்த்துச் சந்திக் கடையில் வாங்குவது. அதை யார் மருந்து என்பார்?

வைத்தியர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நீர்தானே பேப்பரிலை தமிழ் பிழை பாக்கிறவர்?" என்றார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "உந்தக் குளிசை ரத்தத்தை உறைய விடாது. மூக்கிலை வெட்டினால் நிக்காது. பத்து நாளைக்கு அதைத் தொடாதையும். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை வாரும். ஊசி மருந்து இருந்தாச் செய்வம்."

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லவில்லை. கையில் வந்த நாள் போய்விட்டது என்ற ஆத்திரம்தான் இருந்தது. குளிசையும் இல்லாமல் தலை பிளந்தது. மூன்றாம் நாள் செல்வமணியிடம், "நீர் சும்மா இருந்திருந்தால் இண்டைக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"ஓம், முடிஞ்சுதான் இருக்கும்" என்றாள் அவள்.

அந்தப் பதில் என்னை முழங்காலில் நிறுத்தியது. முதல் தடவையாக நாலு வரியைத் தாண்டி ஜெபித்தேன். பயத்தைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைப்பதைச் சொன்னேன். மனைவியின் ஜெபத்துக்கு வெட்கப்பட்டதையும் சொன்னேன். ஊசி மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்டேன். ஒன்றையும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வைத்தியர் சட்டைப் பையில் இருந்து சிறு போத்தல் ஒன்றை எடுத்துக் காட்டினார். "உமக்கெண்டு ஒளிச்சு வைச்சனான்."

விறைத்த மூக்கினுள் கம்பி வளையம் போய் வந்தது. வலி இல்லை, இழுபடுவது மட்டும் தெரிந்தது. பதினொரு தசைத் துண்டுகள். எண்ணினேன். இரண்டு பக்கமும் துணி நாடாவைத் திணித்து அடைத்தார்கள். இரண்டு நாள் தலையை உயர்த்தி வைத்து, வாயால் மூச்சு விட்டு, கஞ்சி குடித்தேன். ஞாயிறு காலை நாடாவை இழுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முழத்துக்கு மேல் வந்தது. கண்ணீர் ஓடியது. அதன் பின்னால் காற்று வந்தது. குளிர்ந்த காற்று, மூக்கு வழியாக. நான் "ஆமென்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இன்னமும் காதில் கட்டோடு இருந்த குருநகர்க்காரர், "மாஸ்ரர், இப்பதான் தமிழ் கதைக்கிறியள்" என்றார்.

மூக்கைச் சீறக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தேன். மணம் உடனே வரவில்லை. மூன்றாம் கிழமை, வேலைக்குப் போகும் வழியில், பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று என்னைக் கடந்து போனது. வீதியில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் சைக்கிளை நிறுத்தி, அந்தப் புகை முடியும்வரை நின்று முகர்ந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

இன்று எங்கள் வீட்டு ஜெபம் நீளமானது. இருவரும் மாறி மாறிச் சொல்கிறோம். இதை வாசிக்கும் சகோதரரே, சகோதரிகளே, கட்டிலில் இருப்பவரும் அதன் அருகில் இருப்பவரும் உங்களில் இருக்கலாம். ஆண்டவருக்குத் தெரியும்தானே என்று சுருக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி, முழுவதையும் அவரிடம் சொல்லுங்கள். கேட்கிறவர் அவர். எந்தக் காதின் வழியாகக் கேட்பார் என்பது அவருடைய காரியம். வைத்தியரிடமும் ஒன்றையும் மறைக்காதீர்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நன்றி சொல்ல அந்தத் தாதியிடம் போனேன். அவர் ஒரு விடயம் சொன்னார். முதலில் குறித்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, இரத்த வங்கியில் என் வகை இரத்தம் ஒரு போத்தல்கூட இருக்கவில்லை.