உதவி மையத்தை அணுகவும்

என் அண்ணன் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். எண்ணூர்ப் பக்கத்தில் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டுகளில் பெட்டி ஏற்றித் துறைமுகத்தில் இறக்குவது அவர் வேலை. நான் அந்த யார்டுகளுக்கு மென்பொருள் செய்துதரும் கம்பெனியில் வழிகாட்டிக் குறிப்புகள் எழுதுகிறவள். முன்பு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் மனிதர்களுக்காக எழுதினேன். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது, தப்பாக அழுத்திவிட்டால் என்ன செய்வது என்று. இப்போது ஒரு ஏஐ ஏஜென்ட்டுக்காக எழுதுகிறேன்.

டிரைவர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் செய்தியைப் படித்து, வேலையைத் தானே முடித்துத் தருவதுதான் அந்த ஏஜென்ட். வண்டி வெளியே போக கேட் பாஸ் போட ஒரு கருவி, வண்டிக்கு ஒதுக்கிய நேரத்தை மாற்ற ஒரு கருவி, பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒன்று. எதை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடக்கூடாது என்பதெல்லாம் என் குறிப்பைப் படித்துத்தான் அதற்குத் தெரியும்.

மனிதர்களுக்கு எழுதும்போது பாதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். இது அப்படியில்லை. ஆரம்பத்தில் ‘தேவைப்பட்டால் நேரத்தை மாற்றவும்’ என்று எழுதியிருந்தேன். சோதனையில் ஒருவர் ‘டீ குடிச்சிட்டு வரேன்’ என்று அனுப்ப, அவருடைய நேரத்தை மறுநாளுக்குத் தள்ளிவிட்டது. அதன்பிறகு ‘டிரைவர் தாமாகக் கேட்டால் மட்டும், ஒரு முறை கேட்டு உறுதிசெய்த பிறகு’ என்று திருத்தினேன். அப்படி ஒவ்வொரு சொல்லாக இழைத்து எழுத எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

யார்டு வாசலில் ஓர் உதவி மையம் இருந்தது. கண்ணாடி வைத்த சின்ன அறை. அதில் தண்டையார்பேட்டை பாய் ஒருவர் வெகுகாலமாக உட்கார்ந்திருந்தார். கன்டெய்னர் கதவில் மாட்டும் சீலில் ஓர் எண் இருக்கும். அது கம்ப்யூட்டரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் வண்டியை விடக்கூடாது. பாய் சீலைப் போட்டோ எடுத்துப் பார்த்து, கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசி, தட்டச்சுப் பிழைதான் என்று தெரிந்தால் திருத்திக்கொடுப்பார். அதைச் செய்ய ஏஜென்ட்டிடம் கருவி இல்லை. அதனால் நான் இப்படி எழுதினேன்: ‘சீல் எண் பொருந்தாவிட்டால் பாஸ் தராதே. ஊகிக்காதே. டிரைவரை உதவி மையத்துக்கு அனுப்பு.’ எத்தனை விதமாகச் சோதித்தாலும் அது மீறவில்லை.

சில மாதங்களில் உதவி மையத்தை மூடிவிட்டார்கள். பெரும்பாலான வேலையை ஏஜென்ட்டே பார்த்துக்கொள்கிறதாம். அந்த ஒரு வரியை என்ன செய்வது என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அண்ணன் மகளுக்கு ராயபுரம் சர்ச்சில் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. அண்ணன் முந்தின நாள் ஒரு லோடு எடுத்துவிட்டு, விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று போனார். வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாகக் குழந்தையைச் சர்ச் வாசலில் நிற்கவைத்திருந்தபோது போன் வந்தது.

“பாப்பா, சீல் நம்பர் தப்பா கீதாம். உதவி மையத்துக்குப் போன்னுது. மையம் பூட்டிக் கெடக்குது.”

“திரும்ப ஒரு தடவை அனுப்பிப் பாருண்ணே.”

“ராத்திரிலேர்ந்து அதத்தான் பண்ணிக்கினு கீறேன். பூட்டிக் கீதுன்னு சொல்றேன். அதுக்கும் உதவி மையத்தை அணுகவும்னுது. முன்னால ஒரு வண்டி, பின்னால ஒரு வண்டி. இத்த நடுவுல உட்டுட்டு நான் எங்க வர்றது?”

எனக்குக் குறிப்பு எழுத மட்டும்தான் அனுமதி. பாஸ் போட முடியாது. மேனேஜரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பாயைக் கூப்பிட்டேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“என் லாகினை அன்னிக்கே புடுங்கிட்டாங்கம்மா,” என்றார். “நம்பர் எது மாறிக் கீதுன்னு சொன்னா எனக்குப் புரியும். புரிஞ்சி இன்னா பண்றது சொல்லு.”

பூசை தொடங்கியது. அண்ணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நின்றோம். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில்தான் நான் நின்றேன். குழந்தை நன்மை வாங்கித் திரும்பியபோது என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தது.

மறுநாள் யாரோ அதிகாரி வந்து கையெழுத்துப் போடும்வரை வண்டி அங்கேயே நின்றது. அண்ணன் வீட்டுக்கு வந்தபோது குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது. கவுன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

“அந்தப் பதிலை எழுதிவெச்சது நான்தாண்ணே,” என்றேன்.

“மரியாதையாத்தான் பேசுச்சு,” என்றார். “அதான் பேஜாரு. ஒரு ஆளு திட்டினா திருப்பித் திட்டலாம். கால்ல வுழலாம். இதுகிட்ட இன்னா பண்றது?”

நான் ஆபீசுக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றேன். அவர் கடுமையான மனிதர் இல்லை. அண்ணனுக்கும் ஏஜென்ட்டுக்கும் நடந்த உரையாடலை முழுவதும் படித்துப் பார்த்தார்.

“ஏஜென்ட் சரியாத்தானே நடந்திருக்கு. நீங்க எழுதினதும் சரிதாம்மா.”

“அங்க ஆள் இல்ல சார்.”

“அப்ப உதவி மையம்னு இருக்கறதை எடுத்துட்டு ஒரு மெயில் ஐடி போட்டுடுங்க.”

“மெயிலை யார் பார்ப்பாங்க?”

“அதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

ஒரு மனிதரை அழைக்க ஒரு கருவி வேண்டும் என்று கேட்டேன். குறித்துக்கொள்கிறேன் என்றார். இடத்துக்கு வந்து அந்த வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அந்தக் கண்ணாடி அறைக்குள் ஒரு ஆளை உட்காரவைக்க எழுத்தால் முடியாது. கடைசியில் மெயில் ஐடியைப் போட்டேன்.

அண்ணன் துறைமுக ஓட்டத்தை விட்டுவிட்டார். இப்போது மணலியிலிருந்து எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறார். வெளியூர் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. வரும்போது சட்டையெல்லாம் ஒரே நெடி. மகள் அவரிடம் முன்போல ஒட்டுவதில்லை என்று அண்ணி சொல்கிறார். போன் செய்தால் என் வேலையைப் பற்றி மட்டும் அவர் கேட்பதில்லை.

ஏஜென்ட்டின் உரையாடல்களைப் படித்துச் சரியா தவறா என்று குறிப்பதும் இப்போது என் வேலையில் சேர்ந்திருக்கிறது. போன வாரம் ஒன்று வந்தது. டிரைவர் ஒருவர் சீல் எண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ‘அண்ணா, யாராவது கீறீங்களா’ என்று மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முறையும், வணக்கம், உதவத் தயாராக இருக்கிறேன், கன்டெய்னர் எண்ணைத் தெரிவிக்கவும் என்று பதில் போயிருந்தது. என் குறிப்பை எடுத்து ஒத்துப் பார்த்தேன். எதையும் மீறவில்லை. சரி என்று குறித்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.