செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர்

எங்கள் பஸ்ஸின் படியில் கால் வைக்கும் முன்னால் என் கொழுந்தனார் செருப்பைக் கழற்றியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பெருமாள்மலையில் ரோட்டோரத்து மேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தோம். சாரல் விழுந்து படியெல்லாம் சேறு. "சும்மா ஏறுங்க தம்பி, நான் தொடச்சுக்கிறேன்" என்றேன். "வீட்டுக்குள்ள செருப்போட வரலாமா மதினி?" என்று கேட்டு, செருப்பை ஜோடியாகக் கீழே விட்டு, ஈரக்காலைச் சாக்கில் தேய்த்துக்கொண்டு தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அந்த ஒரு சொல்லில் என் மனசு குளிர்ந்துபோயிற்று. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் அதை வண்டி என்றார்கள், சில பேர் சிரித்தார்கள். வீடு என்று வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவர்தான்.

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்டினவர். நான் அதே பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வெந்தவள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவர் ஓய்வு பெற்றபோது குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். அந்த வருஷமே, அவர் ஓட்டின பஸ்ஸும் இனி பிள்ளைகளை ஏற்றத் தோதில்லை என்று ஏலத்துக்கு வந்தது. கையில் வந்த பணத்தில் அவர் ஒரு மனை வாங்குவார் என்று நினைத்தேன். பஸ்ஸை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். முதலில் சண்டை போட்டேன். பிறகு சீட்டுகளைக் கழற்ற நானே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் கட்டில், நடுவில் அடுப்பும் சிங்க்கும், பக்கத்தில் மர பீரோ, சன்னலுக்கெல்லாம் பூப்போட்ட திரை. திண்டுக்கல் ஆர்டிஓ ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஆர்.சி. புத்தகத்திலும் இது குடியிருக்கிற வண்டி என்று முறையாக மாற்றி வாங்கினார்.

இன்சூரன்ஸ்தான் கிடைக்கவில்லை. "பழைய பஸ்ஸு, அதுக்குள்ள சிலிண்டர் வேறயா?" என்று ஒரு ஆபீசில் நாற்காலிகூடப் போடாமல் அனுப்பினார்கள். அடுத்தவனுக்கு அடிபட்டால் கொடுக்கிற இன்சூரன்ஸ் மட்டும்தான் தருவோம் என்றது இன்னொரு ஆபீஸ். மதுரையில் ஒரு கம்பெனி சரி என்றது. கேட்ட தொகையில் இன்னொரு பஸ்ஸே வாங்கிவிடலாம் போலிருந்தது. அங்கே கவுண்டரில் இருந்தவன், "ஏம் பாட்டி, இதுக்கு வீட்டு வரி கட்டுவீகளா, ரோட்டு வரி கட்டுவீகளா?" என்று கேலி பேசினான். "ரோட்டு வரி நான் கட்டுறேன், வீட்டு வரிய நீ கட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஆனால் மலை ரோட்டில் எந்த மழையில் எந்த மரம் சாயும், எந்தப் பாறை உருளும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்கு இருந்த ஒரே கூரை அதுதான். அதற்கு ஒன்று ஆனால் எங்கே போய்ப் படுப்போம் என்பதே எனக்குக் கவலை.

அப்போதுதான் கொழுந்தனார் வந்தார். பெருமாள்மலையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் பாதி ஜீப்புக்கு அவர்தான் பார்க்கிறார். நான் கல்யாணமாகி வந்தபோது அரை டிரவுசர் போட்ட பையன். என் கைச் சோறு தின்று வளர்ந்தவர். அன்றைக்கு என் வீட்டுக்காரர் டயர் பார்க்க வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போயிருந்தார். பஸ் அடுப்பிலேயே காபி போட்டுக் கொடுத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்தார். "தம்பி, உள்ளத உள்ளபடி எழுதுங்க. அடுப்பு, சிலிண்டர், கட்டில் ஒண்ணையும் விட்றாதீங்க. பணம் கூடக் கொறைய ஆனாலும் பரவால்ல" என்று வற்புறுத்திச் சொன்னேன். "நான் இருக்கேன்ல மதினி, நீங்க ஏன் மண்டையப் போட்டு ஒடைக்கிறீங்க?" என்றார்.

இன்சூரன்ஸ் பத்திரம் வெரசாகவே வந்துவிட்டது. எங்களால் கட்ட முடிகிற தொகைதான். எல்லாம் இங்கிலீஷ். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், என் வீட்டுக்காரருக்கும் ரோட்டுப் பலகை படிக்கிற அளவுதான். சொந்தக்காரர் கொண்டுவந்த காகிதத்தை வெளியாளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் எங்கள் பக்கம் அதற்குப் பேர் வேறு; முகத்துக்கு நேராகத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறின மனுஷனை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா? பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த மழைக்கு அடுக்கம் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். மழை கண்ணை மறைக்கவே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினோம். டீ கைக்கு வரவில்லை, மேட்டிலிருந்த மரம் முறிந்து பஸ் மேல் விழுந்தது. அடுப்புக்கு மேலே கூரை அப்பளமாகிவிட்டது. நாங்கள் உள்ளே இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் அழாமல் நின்றேன். சேதம் பார்க்க கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார், கூடவே கொழுந்தனாரும். சர்வேயர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க பேப்பர்ல இது வெறும் பஸ்ஸும்மா. சீட்டெல்லாம் எங்க? அடுப்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். ஆர்.சி. மாற்றுவதற்கு முன்னால் எடுத்த பழைய ஜெராக்ஸை வைத்து எழுதியிருக்கிறார் கொழுந்தனார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சர்வேயரிடம், "மதினிதான் சார் பஸ்ஸுன்னே போடச் சொன்னாங்க, பணம் கொறையும்னு. படிக்காதவங்க, இப்ப ஞாபகம் இருக்காது" என்றார்.

மழை விடவில்லை. "அன்னைக்கு செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுனீகளே தம்பி, பஸ்ஸுக்கா கழட்டுனீக? நான் சொல்லல. உள்ளத உள்ளபடி எழுதத்தான் சொன்னேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சர்வேயர் குனிந்து தன் பூட்சைப் பார்த்துக்கொண்டார். கொழுந்தனார் மரத்தைப் பார்த்தார். அப்போது என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு மெதுவாக, "விடு புள்ள. நீ மறந்திருப்ப. அவன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்" என்றார்.

நல்லதுக்கே செய்திருக்கட்டும். வேறு வழியில் இவர்களுக்குக் கட்டுபடியாகாது என்று நினைத்திருக்கலாம். "தெரியாம செஞ்சுட்டேன் மதினி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நசுங்கின அடுப்பை நிமிர்த்தியாவது காபி போட்டுக் கொடுத்திருப்பேன். நான் சொல்லாததை என் வாயில் வைத்துவிட்டு, என் படிப்பைக் காரணம் காட்டினார். அவரையாவது சரி என்று விடலாம். இவர்? எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டவள் நான்! எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எது காய்ச்சலில் கஞ்சியைத் துப்பும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். கூடவே குடித்தனம் நடத்தினவருக்கு நான் மறந்துபோகிறவள் ஆகிவிட்டேன்.

கம்பெனி கையை விரித்துவிட்டது. தகரம் வைத்துக் கூரையைக் கொஞ்சங்கொஞ்சமாக அடைத்தோம். புது இன்சூரன்ஸுக்கு நானே திண்டுக்கல்லுக்கு இறங்கினேன். ஒரு ஆபீசில் இருந்த பெண்பிள்ளை பொறுமையாகக் கேட்டு, அடுப்போடு கட்டிலோடு எழுதினாள். வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மலிவில்லை, கறியையும் புதுச் சேலையையும் குறைத்துக் கட்டுகிறோம். கொழுந்தனார் ரோட்டில் பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்தி, "சாப்டாச்சா மதினி?" என்கிறார். ஆச்சு என்கிறேன். உள்ளே வாருங்கள் என்று சொல்வதில்லை.

வண்டி கிளம்பினால் இப்போது நான் பின்னால் கட்டிலில்தான் உட்காருகிறேன். "முன்னால வா, மேகம் எறங்குறது நல்லாத் தெரியுது" என்று அவர் கூப்பிடுவார். எனக்கு இங்கேயே தெரிகிறது என்பேன். போன வாரம் பூம்பாறைக்குப் போகிற வழியில், ஒரு வளைவைத் திருப்பிக்கொண்டே, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நெசமாவே நீ சொல்லலையா?" என்று கேட்டார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கான பதிலை அன்றைக்கே மழையில் நின்று சொல்லியாயிற்று. அவர் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார்.