மெத்தோதியின் கடவுச்சொல்

2014 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு ஓக்னியான் ராய்கோவ் முதன்முதலாகத் தெமெனுகாவின் வீட்டு மணியை அழுத்தினார். பெர்னிக் நகரின் சிறிய இணைய நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தவர். தெமெனுகாவின் கணவர் மெத்தோதி மறைந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. தினமும் அம்மாவின் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று ஜெர்மனியிலிருந்த மகன் பிடிவாதம் பிடித்ததால்தான் அந்த வீட்டுக்கு வைஃபை வந்தது.

ரவுட்டரைச் சன்னலோரம் நிறுத்திவிட்டு ஓக்னியான் கேட்டார்:

"பாஸ்வேர்டு ஒண்ணு சொல்லுங்க அக்கா. யாருக்கும் தெரியாததா இருக்கணும்."

"மெத்தோதின்னு போடுங்க. கூடவே அவர் பொறந்த தேதி."

"அது வேற யாருக்கும் தெரியாதே?"

"அறுபத்தாறு வயசுல போன மனுசனோட பொறந்தநாளு யாருக்குத் தம்பி வேணும்?"

துக்க வீட்டில் வாதாட அவருக்கு மனம் வரவில்லை. சொன்னபடியே தட்டினார்.

பிப்ரவரியில் காவல் நிலையத்திலிருந்து தெமெனுகாவுக்கு அழைப்பாணை வந்தது. பள்ளித் தலைமையாசிரியை ஒருவருக்கு அவளுடைய இணைப்பிலிருந்து மிரட்டல் மின்கடிதங்கள் போயிருந்தன. வெள்ளிக்கிழமை அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

புதன்கிழமை வந்த ஓக்னியான் ரவுட்டரைத் திறந்து பார்த்தார். அவளிடம் இருந்தது ஒரே கருவி, இணைந்திருந்த கருவிகளின் பட்டியலிலோ நான்கு.

"மேல ஏறி வரும்போது வாசல்ல ஒண்ணு பார்த்தேன். வாங்க அக்கா."

அடுக்ககத்தின் நுழைவுக் கதவில், மற்ற வீட்டாரின் இரங்கல் தாள்களுக்கு நடுவே, மெத்தோதியின் தாள் இருந்தது. படம், பெயர், அடியில் 17.05.1948. நாற்பதாம் நாளன்று அவளே பசை தடவி ஒட்டியது.

"ஐயோ, நானே ஒட்டினேனே தம்பி!"

"நீங்க சொன்னதை நான் அப்படியே போட்டிருக்கக் கூடாது. ஊருக்கே சாவியை மாட்டி வச்சிருக்கோம்."

கிழிக்கச் சொல்வாரோ என்று அவள் பயந்தாள். அவர் சொல்லவில்லை. மேலே வந்து, ரவுட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றினார். பிறகு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை அவளையே யோசித்துத் தட்டச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கம்பக்கத்துப் போன்களில் தெரியும் வைஃபை பெயரை மட்டும் 'மெத்தோதி' என்று வைத்தார்.

"பேரை எல்லாரும் பார்க்கட்டும் அக்கா. சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காவல் நிலையத்துக்கு அவரும் உடன் வந்தார்.

"அந்தப் பாஸ்வேர்டை யார் வச்சது?" என்றார் அதிகாரி.

அவள் வாய் திறக்குமுன் ஓக்னியான் முந்திக்கொண்டார். "நான்தான் ஐயா. அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது." அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர் தந்த பட்டியலை வைத்து, கடிதம் எழுதியவனைக் கண்டுபிடித்தார்கள். தெமெனுகா வீடு திரும்பினாள்.

கோடையில் அவள் ஏறிய டாக்ஸியை ஓட்டியவர் ஓக்னியான்.

"வேலையை விட்டுட்டீங்களா?"

"அதுதான் என்னை விட்டுச்சு. கையெழுத்துப் போட்டவன் நான்தானே."

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்:

"மெத்தோதி இன்னும் காத்துல இருக்காரா அக்கா?"

"இருக்காரு."

"அப்பச் சரி."

'தேர்ந்தெடுத்தது நான்' என்று அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அன்று மாலையே அந்த வரியை எழுதினாள். காவல் நிலையத்துக்கு மறுபடியும் போக நேருமோ என்ற அச்சத்தில் அதை இழுப்பறையில் வைத்தாள்.

2019 மார்ச்சில், பேருந்து நிறுத்தக் கம்பத்தில் ஓக்னியானின் இரங்கல் தாளைக் கண்டாள். அவர் பிறந்த தேதி அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட நான்காண்டுகளில் எத்தனையோ முறை அவருடைய வண்டியில் ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் மெத்தோதியைப் பற்றி விசாரித்தார். அந்த ஒரு வரியைக் கேட்கவே இல்லை.