இருபத்தேழாவது அவுட் வரை

என் அப்பாவின் பெயர் ஒத்திலியோ பயானோ. ஊரில் எல்லோருக்கும் அவர் தீலோ. வயது அறுபத்து மூன்று, தொழில் பஞ்சர் ஒட்டுவது. சான் பெத்ரோவில் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையின் மூலையில் ஃபெர்மினின் மளிகைக் கடை இருக்கிறது. அதை ஒட்டிய தகரக் கொட்டகை அப்பாவுடையது. போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஃபெர்மின் கடை வாசலில், வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தபடியே இறந்தார். அவரை எழுந்திருக்க விடவில்லை.

நான் மாகாண ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். எது எத்தனை மணிக்கு நடந்தது என்று வரிசைப்படுத்தாமல் எனக்கு எதுவும் புரியாது. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பா. மற்றவர்கள் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைத் தேடுவார்கள். அவர் காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றுவார். காற்று எங்கே படுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். அவருடைய இடது கன்னம் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். பேஸ்பால் ஆடியதே இல்லை. மைதானத்துக்கு வாழ்நாளில் மூன்று முறை போனார். மூன்று முறையும் எங்கள் அணி தோற்றது. அதன் பிறகு முப்பது வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பதுதான் அணிக்குத் தன்னால் முடிந்த உதவி என்று நம்பினார். விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினார்.

அதனால் ஃபெர்மின் கடை. அங்கே ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று, ரேடியோ ஒன்று, பத்துப் பன்னிரண்டு ஆண்கள். தரையில் பீர் கொட்டிக் காய்ந்து செருப்பு ஒட்டும். சலாமி இறைச்சி பொரித்த எண்ணெயை மூன்று நாள் மாற்ற மாட்டார்கள். பக்கச் சுவரில் மூத்திர நாற்றம். சின்ன வயதில் ஞாயிறுதோறும் அப்பா என்னை அங்கே பீர்ப் பெட்டியின் மேல் உட்கார வைப்பார். படிக்கத் தொடங்கும் முன்பே அந்தக் கடையின் சட்டங்கள் எனக்குத் தெரியும்.

சட்டங்கள் இரண்டு. ஒன்று, பாட்டு. இன்னிங்ஸ் முடிந்து ரேடியோவில் விளம்பரம் வந்ததும் அதன் ஒலியைக் குறைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பாட்டாக முறை வைத்து ஸ்பீக்கரில் போடுவார்கள். யார் பாட்டுக்குப் பிறகு நல்லது நடக்கிறதோ, அந்தப் பாட்டை மாற்றக் கூடாது. இரண்டு, அணி நன்றாக ஆடும்போது யாரும் இடம் மாறக் கூடாது. நின்றவன் நிற்க வேண்டும், உட்கார்ந்தவன் உட்கார வேண்டும்.

அந்த ஞாயிறு எதிரணி தலைநகர்க்காரர்கள். ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. முதல் இடைவேளையில் அப்பாவின் முறை. பொலேரோ என்ற பழைய காதல் பாட்டு ஒன்றைப் போட்டார், அம்மா உயிரோடு இருந்தபோது இருவரும் ஆடியது. அதன் பிறகு எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை; பந்தை அடித்து ஒருவன்கூட முதல் தளத்தைத் தொடவில்லை. நான்காவது இன்னிங்ஸ் வந்தது, ஐந்தாவது வந்தது, அப்போதும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸும், இருபத்தேழு அவுட்டும் இப்படியே போனால் அதற்கு ஒரு பெயர் உண்டு. நடக்கும்போது அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கெட்டுவிடும்.

அப்பாவின் போன் ஆஸ்பத்திரிப் பையில் என் கைக்கு வந்தது. கடையில் கூடும் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் பாதிப் பேர் இப்போது நியூயார்க்கில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதற்காகக் கடையில் நடக்கும் பேச்சையெல்லாம் பதிவு செய்து அனுப்புவார்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

மாலை 6:09. பின்னால் அப்பாவின் பொலேரோ.

"டேய், ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்டா. ரெண்டே நிமிஷம்." அப்பா.

"உக்காரு தீலோ. நீ எழுந்தா அவனுங்க அடிச்சிருவானுங்க." இது பப்போலோ. என் ஞானத்தகப்பன். ஆலையில் எடைமேடைக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அப்ப என்ன பண்ணச் சொல்றே, முடிச்சுப் போட்டுக்கவா?"

"இந்தா பெருசு, காலி பாட்டில். ரம்ம நாங்க தீத்துட்டோம், நீ ரொப்பு." இது நினிங்கோ. வாடகை பைக் ஓட்டுபவன். சிரிப்பு. கடைசியில் அப்பாவின் சிரிப்பும் கேட்கிறது.

மாலை 6:41. ஏழாவது இன்னிங்ஸ். அதே பாட்டு.

"இடது கை மரத்துப் போச்சுப்பா. கொஞ்சம் நடந்தா சரியாயிடும்."

"நடக்கறியா? டயரு கழட்டறது வலது கைதான, இடது கை இப்ப எதுக்கு உனக்கு?" பப்போலோ.

"பெருசு, உன் குண்டிய நம்பித்தான் இந்த ஊரே இருக்கு. அசைஞ்சே, கட்டிப் போட்டுருவேன்." நினிங்கோ.

"இரு இரு, ஐஸு கட்டித் தரேன். கையில வெச்சுக்கோ." ஃபெர்மின்.

மாலை 6:52. இது குழுவில் இல்லை. என் போனில் இருக்கிறது, அப்பா கூப்பிட்டது. ஒரு நிமிடம் பத்து விநாடி. நான் வேலையில் இருந்தேன். முன்னால் ஒரு இ.சி.ஜி. இயந்திரம் திறந்து கிடந்தது.

"ஆசீர்வாதம், அப்பா." பெரியவர்களிடம் நாங்கள் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான்.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும், கண்ணு. ஏம்மா, கை மரத்துப் போனா ஏதாவது இருக்குமா?"

"எந்தக் கை? வேர்க்குதா?"

"காத்தே இல்ல, எல்லாருக்கும்தான் வேர்க்குது. நாற்காலிக் கைப்பிடி அழுத்தியிருக்கும்."

"எத்தனாவது இன்னிங்ஸ் ஓடுது?"

"எட்டாவது ஆரம்பிக்குது. நான் எதுவும் சொல்லல."

"சொல்லாதீங்க. முடிஞ்சதும் இங்க வாங்க, மெஷின்ல போட்டுப் பாத்துடலாம்."

முடிஞ்சதும். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். வேறு எந்த நோயாளியிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

மாலை 7:31. இருபத்தேழாவது அவுட். ஃபெர்மின் போனைப் பதிவில் விட்டு ஐஸ் பெட்டி மேல் வைத்திருக்கிறான். கத்தல், தகரத்தில் தட்டல். "தீலோ ஜெயிச்சான்! தீலோ ஜெயிச்சான்!" யாரோ பீர் திறந்து அவர் தலையில் ஊற்றுகிறார்கள். "பாரு, அழுவறான்டா, பேச்சு வரல அவனுக்கு!" பொலேரோ மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. முழுதாக ஒருமுறை ஓடுகிறது. இரண்டாம் முறை ஓடுகிறது. மூன்றாவது முறை முடியப்போகும்போது ஒரு குரல், கொஞ்சம் தணிந்து, "ஏய், தீலோ?" என்கிறது.

பதினோரு நிமிடம். பத்து ஆட்கள் அவரைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நினிங்கோவின் பைக்கில் இருவருக்கு நடுவில் அவரை நிமிர்த்தி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தொப்பியிலிருந்து பீர் சொட்டியது. கால்சட்டை நனைந்திருந்தது. அன்று நான் பழுதுபார்த்து முடித்த இயந்திரத்தைத்தான் போட்டார்கள். நேர்க்கோடு. ஒயர்களை நான் மறுபடி சரிபார்த்தேன். இயந்திரத்தில் கோளாறு இல்லை.

வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியது. அவர்கள் எல்லோரும் வந்தார்கள். இஞ்சித் தண்ணீர் குடித்தார்கள், ரொட்டி தின்றார்கள், முற்றத்தில் நின்று கதை சொன்னார்கள். பாட்டில் கதையை நினிங்கோ மூன்று முறை சொன்னான். ஒவ்வொரு முறையும் பாட்டில் பெரிதாகிக்கொண்டே போனது. பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

ஐந்தாம் நாள் பப்போலோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகளே, ஞாயித்துக்கிழமை அந்த நாற்காலிக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு கடைச் சுவத்துல மாட்டறோம். சங்கிலி வாங்கிட்டோம். நீ வந்து நிக்கணும். உங்கப்பன் மாதிரி ஆம்பளை எவன் இருக்கான்? இருபத்தேழு அவுட்டு, அசையலையே!"

நான் வருவதாகச் சொன்னேன். அந்த நாற்காலியை அவர்களிடம் விடக் கூடாது. அதைக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன், அவர்களில் ஒருவராவது "நான்தான் உட்காரச் சொன்னேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

ஞாயிறு ஆறரை மணிக்குப் போனேன். ஆட்டம் பாதியில் இருந்தது. நாற்காலி ஏற்கெனவே ஐஸ் பெட்டிக்கு மேல் சங்கிலியில் தொங்கியது. உடைந்த கால் ஒன்றுக்கு அப்பா டயர் ரப்பரில் பட்டை போட்டிருந்தார். அதன் மேலும் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கீழே ஒரு மெழுகுவர்த்தி. பக்கத்தில் உறைபனி பூத்த பீர், அதுவும் அப்பாவுக்காம். சுவரில் அதே மூத்திர நாற்றம்.

பப்போலோ கையை விரித்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் நான் ஆசீர்வாதம் கேட்கவில்லை. கை விரித்தபடியே நின்றது.

"என்ன மகளே, கோவமா?"

இடைவேளை வந்தது. ஸ்பீக்கரோடு அப்பாவின் போனை இணைத்தேன். பாட்டு போடப்போகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"இடது கை மரத்துப் போச்சுப்பா. கொஞ்சம் நடந்தா சரியாயிடும்." அப்பாவின் குரல் அத்தனை பெரிய ஸ்பீக்கரில் தெருவரைக்கும் கேட்டது. பிறகு அவர்கள் குரல்கள், சிரிப்பு. முழுவதும் ஓடவிட்டேன்.

ஃபெர்மின் துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தான். நினிங்கோ தரையைப் பார்த்தான்.

"கட்டிப் போடுவேன்னு சொன்னது யாரு?" என்றேன்.

"விளையாட்டுக்குச் சொன்னதுக்கா... நாம எப்பவும் பேசறதுதான..."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்." நினிங்கோவின் குரல் உடைந்தது. "நான்தான்கா சொன்னேன்."

கேட்டது கிடைத்தது. உள்ளே இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அவன் மூக்கிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டதைப் பார்க்க இன்னும் அருவருப்பாக இருந்தது.

அப்போது பப்போலோ, கோபம் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "ஐஸு வெச்சும் சரியாவலன்னு நான் பயந்துட்டேன் மகளே. எழுந்து வாடா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொன்னேன். சத்தியமா. எட்டாவது ஆரம்பத்துல. அவன்தான் உனக்குப் போன் போட்டான். வெச்சுட்டு எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொன்னான். டாக்டருங்களுக்கே மெஷின் ரிப்பேர் பண்ற என் பொண்ணே சொல்லிட்டா, முடிஞ்சதும் வந்தாப் போதுமாம், உக்காருங்கடான்னு. நீயே சொன்னப்புறம் நாங்க என்ன கண்ணு பேசறது?"

அது எந்தப் பதிவிலும் இல்லை. ஆனால் பொய் இல்லை. அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ரேடியோவின் ஒலியை ஃபெர்மின் கூட்டினான். யார் முகத்தையும் பார்க்க முடியாதபோது அங்கே எல்லோரும் செய்வது அதுதான். ஆறாவது இன்னிங்ஸ். நான் பீர்ப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் மேல் வலது காலை வைத்து ஏறி, நாற்காலியின் சங்கிலியைப் பிடித்தேன். கொக்கி துருப்பிடித்திருந்தது. பச்சை பெயிண்ட் விரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை.

ரேடியோ கத்தியது. எதிரணியின் ஆட்கள் மூன்று பேர் மூன்று தளங்களில். இரண்டு அவுட். நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால். ஒரு நல்ல அடி விழுந்தால் போச்சு.

"யாரும் அசையாதீங்க," என்றார் பப்போலோ, மிக மெதுவாக. என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பழக்கம்.

நான் நின்றேன்.

கை சங்கிலியில். ஒரு கால் பீர்ப் பெட்டி மேல், ஒரு கால் ஐஸ் பெட்டியின் விளிம்பில். கொக்கியைத் தள்ளினால் போதும், வந்துவிடும். தள்ளவில்லை. முதல் பந்து வெளியே போனது. இரண்டாவதை எதிரணிக்காரன் அடித்தான், அது கோட்டுக்கு வெளியே விழுந்தது. கெண்டைக்கால் நடுங்கியது. காலை மாற்றவில்லை. மூன்றாவது பந்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. நான்காவது பந்து உயரமாகப் போனது. எங்கள் ஆள் ஒருவன் ஓடிப் பிடித்தான், மூன்றாவது அவுட்.

கடை முழுக்கக் கூச்சல். நினிங்கோ ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அழுத முகத்தோடு சிரித்தான். "பாத்தீங்களாடா! அசையல! அப்பனுக்குப் பொறந்தது, அசையவே இல்ல!"

அவன் வியர்வையும் பீர் வாடையும் என் மேல் ஒட்டின. அவனைத் தள்ளவில்லை. என் சட்டையிலும் அதே வாடைதான் வந்தது.

விளம்பரம் வந்தது. ஃபெர்மின் ரேடியோவைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அடுத்த பாட்டு யாருடையது என்று அந்தப் பார்வை கேட்டது. பாட்டை மாற்றக் கூடாது. இதற்கு முன் ஸ்பீக்கரில் ஓடியது அப்பாவின் குரல்; சட்டப்படி அதுவே மறுபடி ஓட வேண்டும்.

கொக்கியைத் தள்ளி நாற்காலியை இறக்கினேன். ஸ்பீக்கரிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டேன். அங்கே யாரும் என்னைத் தடுக்கவில்லை. நாற்காலியைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தேன். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டாவது இன்னிங்ஸ் என்று யாரையும் கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.